ரத்தப்போக்கு என்று மட்டும் எழுதியிருந்தால்: ஆர்58-க்கு முன் பார்க்க வேண்டியவை

கோவையில் மெடிக்கல் கோடிங், அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவை (சார்ட்) படித்து நோய்க்குரிய குறியீடு (கோடு) போடும் வேலைக்கான பயிற்சிக்குச் சேருகிறவர்களில் பார்மசி, நர்சிங், மைக்ரோபயாலஜி என்று பலதும் படித்தவர்கள் இருக்கிறார்கள். கோபி, பல்லடம், உடுமலை, நாமக்கல் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் அதிகம். இவர்கள் எல்லோர் கையிலும் ஆரம்பத்திலேயே ஒட்டிக்கொள்ளும் கோடு ஒன்று உண்டு. அது ஆர்58 (R58), எந்த இடத்து ரத்தப்போக்கு என்று தெரியாதபோது போடுவது. சார்ட்டில் ரத்தப்போக்கு என்ற சொல் கண்ணில் பட்டதும் விரல் அதைத் தட்டிவிடும். அப்புறம் ஆடிட்டில் எர்ரர் வரும், ஏன் என்று புரியாது.

ஆர்58 தப்பான கோடு இல்லை. ஆனால் அது சரியாகப் பொருந்துகிற சார்ட் மிகச் சொற்பம். ரத்தம் உடம்பில் ஏதோ ஓரிடத்திலிருந்துதான் வருகிறது. அந்த இடத்தை டாக்டரோ நர்ஸோ எங்கேயாவது எழுதியிருப்பார்கள். அதைத் தேடி எடுப்பதுதான் கோடரின் வேலை. தேடாமல் ஆர்58 போட்டால் நோயாளிக்கு என்ன நடந்தது என்பதே பதிவிலிருந்து காணாமல் போய்விடும்.

இங்கே குறியீடுகளின் எழுத்துகளையும் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ரத்த நோய்களின் எழுத்தும் காயம், நஞ்சு வரிசையின் எழுத்தும் தமிழில் ஒரே மாதிரி ஒலிப்பதால், முதலாவதை (D) ‘டி’ என்றும் இரண்டாவதை (T) ‘ட்டி’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்தப் புத்தகம்?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் புத்தகமான ஐசிடி-10 ஒன்று. அதை விரித்து அமெரிக்கா வைத்திருக்கும் ஐசிடி-10-சிஎம் இன்னொன்று. அமெரிக்காவில் இது 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ அமெரிக்க இன்சூரன்ஸ் கிளைம் பார்க்கிறவர்களுக்கு வேண்டியது சிஎம். நம் ஊர் ஆஸ்பத்திரியின் எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவு) பிரிவில் கேஸ் ஷீட்டுக்குக் கோடு போடுகிறவர்களுக்கு வேண்டியது ஐசிடி-10. இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான், ஆனால் சில இடங்களில் கிளை பிரியும். அந்த இடங்களை வரும்போது சொல்கிறேன்.

ஐசிடி-11 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இன்றைய கிளைம் வேலைக்குக் கையில் இருக்க வேண்டியது சிஎம் புத்தகம்தான்.

இரண்டாம் படி: ஆர்58 எங்கே உட்கார்ந்திருக்கிறது?

ஆர் வரிசை முழுவதும் அறிகுறிகளுக்கான அத்தியாயம். நோய் இன்னதென்று தெரியாதபோது, தெரிந்த அறிகுறியை மட்டும் பதிவு செய்ய வைத்த இடம். ஆர்58-இன் பொருள், வேறெங்கும் வகைப்படுத்தப்படாத ரத்தப்போக்கு. மூன்று இலக்கத்தோடு முடிந்துவிடும், அதற்குக் கீழே உட்பிரிவு கிடையாது.

சிஎம் புத்தகத்தில் அதற்கு நேர் கீழே ஒரு எக்ஸ்க்ளூட்ஸ் 1 குறிப்பு, அதாவது இந்தக் கோடோடு சேர்த்துப் போடக் கூடாதவற்றின் பட்டியல், இருக்கிறது. ரத்தப்போக்குக்குக் காரணமான நோயின் கோடிலேயே அது அடங்கியிருந்தால் இங்கே வராதே என்கிறது. திடீர் முன்சிறுகுடல் புண் ரத்தப்போக்கோடு இருந்தால் கே26.0, திடீர் இரைப்பை அழற்சி ரத்தப்போக்கோடு இருந்தால் கே29.01 என்று உதாரணமும் கொடுக்கிறது. இந்தக் குறிப்பை ஒருமுறை ஆற அமரப் படித்தவர்கள் பாதித் தப்பைத் தவிர்த்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: சார்ட்டைக் கடைசிவரை படிப்பது

“அக்கா, ‘பிளீடிங்’னு மட்டுந்தானுங்க போட்டிருக்காங்க. ஆர்58 போட்டரட்டுங்களா?”

“எந்தப் பக்கத்துல பார்த்தே கண்ணு?”

“மொதல் பக்கத்துலீங்க.”

பயிற்சி வகுப்பில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது. முதல் பக்கத்தில் இருப்பது நோயாளி வாசலில் சொன்ன புகார். அதை வைத்துக் கோடு போடுவது நுனிப்புல் மேய்வதுதான். முழு வரலாறு, மருந்துப் பட்டியல், உடல் பரிசோதனை, எண்டோஸ்கோபி அல்லது ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, கடைசியில் டிஸ்சார்ஜ் சம்மரி என்ற வரிசையில் போங்கள். படிக்கும்போது ஆறு விஷயங்களைத் தேடுங்கள்: எந்த இடத்து ரத்தம், என்ன காரணம், அடிபட்டதா தானாக வந்ததா, கர்ப்பமா பிரசவமா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறாரா, சமீபத்தில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா. வந்திருப்பது பிறந்து 28 நாளைத் தாண்டாத குழந்தை என்றால் பாதையே வேறு. அது பி (P) வரிசைக்குப் போகும். குறிப்பிடாத ரத்தப்போக்கு என்றால் பி54.9, வைட்டமின் கே குறைவால் வருகிற பச்சிளங்குழந்தை ரத்தப்போக்கு என்றால் பி53.

நர்ஸ் குறிப்பு தடம் காட்டும், ஆனால் நோயறிதலை டாக்டரின் எழுத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

நான்காம் படி: இன்டெக்ஸ், அதன்பின் டேபுலர்

புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலான இன்டெக்ஸில் பிளீடிங் என்ற சொல்லுக்குப் போனால், அது உங்களை ஹெமரேஜ் பக்கமும் பார்க்கச் சொல்லும். ஹெமரேஜின் கீழ் உறுப்புகள் அகரவரிசையில் நீளமாக வரும். பொறுமையாக இறங்குங்கள். இடத்தைக் கண்டதும் அந்தக் கோடை, எண் வரிசைப்படி குறிப்புகளோடு இருக்கும் டேபுலரில் திறந்து, மேலே அத்தியாயக் குறிப்பு முதல் கீழே எக்ஸ்க்ளூட்ஸ் வரை பாருங்கள். இன்டெக்ஸிலிருந்து நேராகக் கோடை எடுத்து ஒட்டுகிற பழக்கம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறவரையும் ஒருநாள் மாட்டிவிடும்.

இன்டெக்ஸில் அடைப்புக்குறிக்குள் வரும் சொற்களையும் விடாதீர்கள். மூலத்துக்கான பதிவில் ரத்தப்போக்கு அடைப்புக்குறிக்குள் இருக்கும். அதாவது மூலத்தில் ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் கோடு கே64 வரிசையில் ஒன்றுதான். மூலத்தால்தான் ரத்தம் என்று டாக்டர் எழுதிய பிறகு, ஆசனவாய் ரத்தப்போக்கு என்று கே62.5-ஐயும் சேர்த்துப் போடுவது வீண்.

ஐந்தாம் படி: இடத்தைப் பிடிப்பது

வயிறும் குடலும்தான் அதிகம் தப்பு நடக்கிற இடம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

ரத்த வாந்தி கே92.0. தார் மாதிரி கறுப்பாக மலம் போனால் கே92.1. ஆசனவாய், மலக்குடல் வழியாக ரத்தம் என்று எழுதியிருந்தால் கே62.5. ஹெமட்டோகீசியா என்று எழுதியிருந்தால் புதியவர்கள் சிவப்பு ரத்தம்தானே என்று கே62.5 போடுவார்கள். ஆனால் சிஎம் இன்டெக்ஸ் அந்தச் சொல்லை கே92.1-க்கு அனுப்புகிறது. மருத்துவ அறிவை வைத்து வாதாட இங்கே இடமில்லை, இன்டெக்ஸ் காட்டும் வழிதான் வழி. கண்ணுக்குத் தெரியாமல் பரிசோதனையில் மட்டும் மலத்தில் ரத்தம் தெரிந்தால் ஆர்19.5. இரைப்பை குடல் ரத்தப்போக்கு என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டால் கே92.2. ‘ஜி.ஐ. பிளீட்’ என்று தெளிவாக எழுதிய சார்ட்டுக்கும் ஆர்58 போடுகிறவர்கள் உண்டு, அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

காரணம் தெரிந்துவிட்டால் மேலே சொன்ன எல்லாமே பின்வாங்கிவிடும். நாள்பட்ட இரைப்பைப் புண்ணும் ரத்தப்போக்கும் சேர்ந்தால் கே25.4. முன்சிறுகுடலில் அதே நிலை என்றால் கே26.4. பெருங்குடல் பைகளில் ரத்தக்கசிவு என்றால் கே57.31. உணவுக்குழாய் நாளம் புடைத்து வெடித்திருந்தால் ஐ85 வரிசை. கல்லீரல் சிரோசிஸால் புடைத்ததென்றால் சிரோசிஸ் கோடு முதலில், ஐ85.11 அடுத்து.

சிஎம் விதிகளில் ‘வித்’ என்ற சொல்லுக்குத் தனி அதிகாரம் உண்டு. இன்டெக்ஸில் ஒரு நோயின் கீழ் ‘வித்’ என்று ரத்தப்போக்கு வந்தால், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தொடர்பில்லை என்று டாக்டர் எழுதியிருந்தால் மட்டும் பிரிக்கலாம்.

பெண்கள் விஷயத்தில் முதல் கேள்வி கர்ப்பமா என்பது. கர்ப்பம் என்றால் ஓ வரிசையைத் தவிர வேறெங்கும் தொடங்கக் கூடாது. கரு கலையும் அபாயம் என்று எழுதியிருந்தால் ஓ20.0. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரத்தப்போக்கு என்று மட்டும் இருந்தால் ஓ20.9. நஞ்சுக்கொடி வெளியேறிய பின் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும் ரத்தப்போக்கு ஓ72.1, அதற்குப் பிறகு வருவது ஓ72.2. நஞ்சுக்கொடி உள்ளேயே தங்கியதால் என்றால் ஓ72.0. நம் ஊர் பிரசவ வார்டு கேஸ் ஷீட்டில் பிரசவம் முடிந்த நேரமும் ரத்தப்போக்கு தொடங்கிய நேரமும் வெவ்வேறு பக்கத்தில் இருக்கும். இரண்டையும் பார்த்தால்தான் கோடு கிடைக்கும்.

கர்ப்பம் இல்லையென்றால் என் வரிசை. மாதவிடாய் ஒழுங்காக வந்து அளவு மிஞ்சினால், நம் பாட்டிமார் பெரும்பாடு என்று சொல்வது, என்92.0. ஒழுங்கும் தப்பி அளவும் மிஞ்சினால் என்92.1. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் என்95.0. இதை என்93.9 என்ற குறிப்பிடாத கோடில் போட்டு மூடிவிடுவது எனக்குப் பொறுக்காத தப்பு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தம் படுவது கர்ப்பப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால்தான் டாக்டர்கள் அதைத் தனியாக எடுத்துப் பார்க்கிறார்கள். பதிவிலும் அது தனியாகத் தெரிய வேண்டும்.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சில்லு மூக்கு உடைந்தால் ஆர்04.0. இருமலில் ரத்தம் ஆர்04.2. சிறுநீரில் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் ஆர்31.0, வகை சொல்லாவிட்டால் ஆர்31.9. அதுவே திடீர் சிறுநீர்ப்பை அழற்சியோடு என்றால் என்30.01 ஒன்று போதும். காதில் ரத்தம் எச்92.2 வரிசை. விழிவெண்படலத்தில் ரத்தம் எச்11.3 வரிசை. தோலுக்கடியில் தானாகத் திட்டுத்திட்டாகக் கட்டினால் ஆர்23.3. மண்டைக்குள் அடிபடாமல் வந்து, எந்த அடுக்கு என்று சொல்லாவிட்டால் ஐ62.9.

அடிபட்ட ரத்தத்துக்கு ரத்தப்போக்குக் கோடு தேடவே வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மெஷினில் விரலை வெட்டிக்கொண்டு வருகிறவருக்கு ரத்தம் வரத்தான் செய்யும். வெட்டுக்காயக் கோடுக்குள் அது அடக்கம். வலது ஆட்காட்டி விரல், நகத்துக்குச் சேதமில்லை, உள்ளே எதுவும் சிக்கவில்லை, முதல் சிகிச்சை என்றால் சிஎம் கணக்கில் எஸ்61.210ஏ.

ஆறாம் படி: மருந்தும் ஆபரேஷனும்

பயிற்சிக்கென்று நான் எழுதி வைத்திருக்கும் ஒரு சார்ட்டைப் பார்க்கலாம். 71 வயது அம்மா. வாசலில் சொன்ன புகார்: பிளீடிங். வரலாற்றில் இரண்டு நாளாகக் கறுப்பு மலம், தலைசுற்றல். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை, டாக்டர் சொன்ன அளவிலேயே எடுத்திருக்கிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதம் என்று காட்டும் ஐ.என்.ஆர். 5.8. ஹீமோகுளோபின் 7.1. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் நாள்பட்ட புண், ரத்தம் கசிகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டரின் வாசகம்: இரைப்பைப் புண்ணால் ரத்தப்போக்கு, வார்ஃபரினால் வந்த உறைதல் கோளாறு அதை அதிகப்படுத்தியது.

முதன்மைக் கோடு கே25.4. ரத்தம் உறையாத கோளாறுக்கு டி68.32. அதற்குக் காரணமான மருந்தின் பக்கவிளைவுக்கு ட்டி45.515ஏ. நீண்டகாலமாக அந்த மருந்தில் இருக்கிறார் என்பதற்கு இசட்79.01. இதயத் துடிப்புக் கோளாறு, வகை சொல்லவில்லை, ஐ48.91. கறுப்பு மலத்துக்கு கே92.1 வேண்டாம், அது புண்ணின் ரத்தப்போக்கிலேயே அடங்கிவிட்டது. ஐ.என்.ஆர். ஏறியதற்கும் தனிக்கோடு வேண்டாம். ரத்தப்போக்கே இல்லாமல் ஐ.என்.ஆர். மட்டும் ஏறியிருந்தால்தான் ஆர்79.1 வரும். முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தால் இவ்வளவும் ஆர்58 என்ற ஒற்றைக் கோடில் போயிருக்கும்.

அந்த அம்மா மறதியில் ஒரே நாளில் இரட்டை மாத்திரை போட்டிருந்தால் கதை மாறும். அது பக்கவிளைவு இல்லை, நஞ்சேற்றம். அப்போது ட்டி45.511ஏ முதலில் வந்து உட்காரும்.

ஆபரேஷனுக்குப் பிந்திய ரத்தப்போக்கு உறுப்பு வாரியாகப் பிரிந்திருக்கிறது. பல் பிடுங்கிய குழியில் நிற்காமல் ரத்தம் வந்தால் வாய்க் கோடைத் தேடி அலைவார்கள். அது செரிமான மண்டலச் சிகிச்சைக்குப் பின்வரும் ரத்தப்போக்கான கே91.840. ஆனால் சிகிச்சையால் வந்த சிக்கல் என்று டாக்டர் தொடர்புபடுத்தி எழுதியிருக்க வேண்டும். பிறகு நடந்தது என்பதாலேயே அதனால் நடந்தது என்று நாம் முடிவு கட்டக் கூடாது.

ஏழாம் படி: சோகையும் கேள்வி அனுப்புவதும்

ரத்தம் போனால் சோகை வரும். ஹீமோகுளோபின் 7.1 என்று பார்த்ததும் டி62, அதாவது திடீர் ரத்த இழப்பால் வந்த சோகை என்று போட ஆசை வரும். போடக் கூடாது. ஆய்வக எண்ணிலிருந்து நோயறிதலை உருவாக்க கோடருக்கு உரிமையில்லை. அமெரிக்க உள்நோயாளி கிளைமில் டி62 கூடுதல் சிக்கலாகக் கணக்கிடப்படுகிறது. வேறு சிக்கல் எதுவும் இல்லாத இரைப்பை குடல் ரத்தப்போக்கு கிளைமை அது ஒன்றே டி.ஆர்.ஜி. (தொகையை நிர்ணயிக்கும் குழு எண்) 379-லிருந்து 378-க்கு உயர்த்திவிடும், தொகையும் கூடும். அதனால் ஆடிட்டர்கள் இதை உற்றுப் பார்ப்பார்கள். திடீரென்றா நாள்பட்டதா என்று சொல்லாமல் ரத்த இழப்பால் சோகை என்று மட்டும் இருந்தால் இன்டெக்ஸ் டி50.0-க்குப் போகும்.

இங்கேதான் டாக்டருக்குக் குவெரி, அதாவது எழுத்தில் கேள்வி, அனுப்ப வேண்டும். விடையை ஊட்டுகிற மாதிரி எழுதக் கூடாது. இப்படி இருந்தால் சரி:

“ஹீமோகுளோபின் 11.8-லிருந்து 7.1-க்கு இறங்கியுள்ளது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டுள்ளது. இதற்குரிய நோயறிதல் இருந்தால் குறிப்பிடவும்: திடீர் ரத்த இழப்பால் சோகை, நாள்பட்ட ரத்த இழப்பால் சோகை, வேறு காரணம், தீர்மானிக்க இயலவில்லை.”

கடைசி இரண்டையும் விடாமல் வையுங்கள். ரத்தப்போக்கு எந்த இடத்திலிருந்து என்று தெரியாதபோதும் இதே முறைதான். டாக்டரைக் கேட்கத் தயங்கி ஆர்58 போடுவதைவிட ஒருநாள் காத்திருந்து பதில் வாங்குவது எவ்வளவோ மேல்.

‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதியிருந்தால்? சிஎம் விதிப்படி, உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் நேரத்தில் அப்படி எழுதியிருந்தால் இருப்பதாகவே கோடு போடலாம். வெளிநோயாளி என்றால் கூடாது, அறிகுறியோடு நிற்க வேண்டும். புண் இருக்கலாம் என்று வெளிநோயாளி சார்ட்டில் இருந்தால் கே92.2 போன்ற இடக்கோடு வருமே தவிர புண் கோடு வராது.

நம் ஊர் கேஸ் ஷீட்டுகள்

மஞ்சள் காட்டிலோ கரும்புத் தோட்டத்திலோ கண்ணாடி விரியன் கடித்து வருகிறவருக்கு ஈறில் ரத்தம், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் என்று எழுதியிருக்கும். எங்கெங்கோ ரத்தம் என்பதால் ஆர்58 போட்டுவிடுவார்கள். அந்த விஷம் ரத்தம் உறைவதற்கான பொருள்களைத் தீர்த்துவிடுவதால்தான் அப்படி வருகிறது. 20 நிமிடம் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை வைத்து உறைகிறதா என்று பார்த்த குறிப்பு கேஸ் ஷீட்டில் இருக்கும். ஐசிடி-10 கணக்கில் ட்டி63.0, புறக்காரணத்துக்கு எக்ஸ்20. உறைபொருள் தீர்ந்த கோளாறு என்று டாக்டர் பெயர் சொல்லி எழுதியிருந்தால் டி65-உம் சேரும். சிஎம்மில் பிற ஆசிய, ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு ட்டி63.08 என்று தனிக் கிளை உண்டு.

டெங்குவில் புத்தகங்கள் பிரிகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய ஐசிடி-10-இல் ஏ97 வரிசை: ஈறு, மூக்கு ரத்தம் போன்ற எச்சரிக்கை அறிகுறியோடு என்றால் ஏ97.1, கடுமையான டெங்கு ஏ97.2. சிஎம்மில் பழைய பிரிவான ஏ90, ஏ91 அப்படியே இருக்கின்றன. எந்தப் புத்தகமானாலும் டெங்கு உறுதியானபின் ஆர்58-க்கு வேலையில்லை.

அப்படியானால் ஆர்58 எப்போது?

இத்தனையும் தேடிய பிறகும் இடம் கிடைக்காத சார்ட்டுகள் உண்டு. ரத்தப்போக்கு என்று அவசரப் பிரிவுக்கு வந்து, பரிசோதனை முடிவதற்குள் கிளம்பிப் போனவர். ‘உள் ரத்தப்போக்கு’ என்று மட்டும் எழுதி வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய குறிப்பு. இவற்றில் டாக்டர் இடம் சொல்லவில்லை, கேட்கவும் வழியில்லை. இன்டெக்ஸிலும் உள்ளுறுப்பு என்று பொதுவாகச் சொன்ன ரத்தப்போக்கு ஆர்58-க்குத்தான் போகிறது. அங்கே தயங்காமல் போடுங்கள். தெரியாததை ஊகித்து ஒரு உறுப்பின் பெயரில் எழுதினால், நோயாளியின் பதிவில் இல்லாத நோய் ஏறிவிடும். அது ஆர்58-ஐ அவசரத்தில் போடுவதைவிடப் பெரிய தப்பு.

கோடு முடிவான பின், உள்நோயாளி கிளைமில் ரத்தப்போக்கு சேர்க்கும்போதே இருந்ததா, வார்டில் தொடங்கியதா என்ற குறியையும் சரிபார்க்க வேண்டும். கையில் இருக்கும் புத்தகம் எந்த ஆண்டினது என்பதையும் பாருங்கள். சிஎம் ஒவ்வோர் அக்டோபர் 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படுகிறது, ஏப்ரல் 1-இலும் மாற்றம் வருவதுண்டு. செப்டம்பர் 29-இல் சேர்ந்து அக்டோபர் 2-இல் டிஸ்சார்ஜ் ஆனவருக்குப் புதிய புத்தகம், ஏனென்றால் உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதிதான் கணக்கு. வெளிநோயாளிக்கு சிகிச்சை நடந்த தேதி.